எந்த மரத்துப் புல்லுருவி?

மலேசியாவின் காப்பாரில் வரிசை வீடுகள் இருக்கும் எந்தத் தாமானுக்குப் போனாலும் வாசலில் மாமரம் நிற்கும். காலையில் பசியாறப் போகும்போது அதில் ஒன்றை அண்ணாந்து பாருங்கள். நீளமாகத் தொங்கும் மாவிலைகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் இலை வேறு மாதிரி இருக்கும். குட்டையாக, தடித்து, சாம்பல் பூத்த பச்சையில். கசக்கி முகர்ந்தால் மாவிலை வாசனை வராது. கொப்பை வளைத்தால் வளைந்து கொடுக்காமல் படக்கென்று ஒடியும். மாமரத்தின் கிளைபோலத் தெரிந்தாலும் அது மாமரம் இல்லை, அதன்மேல் குடியேறிய இன்னொரு செடி.

எங்கள் வீட்டு மரத்திலும் அப்படி ஒன்று உண்டு. ஒருநாள் அதில் ஒரு கொப்பை ஒடித்து வாசல் திண்ணையில் வைத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தில் பால்வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர்.

"என்னா தம்பி, புல்லுருவியா? எந்த மரத்துல ஏறினது?"

"நம்ம மாமரந்தான் பாட்டி."

"மாமரமா, அப்ப சரி."

அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார். 'எதற்கு எடுத்தாய்' என்று கேட்கவில்லை, 'என்ன செடி' என்றும் கேட்கவில்லை. எந்த மரம் என்பதுதான் அவருக்கு முக்கியமாக இருந்தது. அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று.

முதலில் பெயர். தமிழில் புல்லுருவி என்ற சொல் தாவரத்தைவிட மேடைப் பேச்சில்தான் அதிகம் அடிபடுகிறது. சங்கத்துக்குள் புகுந்து கெடுப்பவன் புல்லுருவி, கட்சியைக் காட்டிக்கொடுப்பவன் புல்லுருவி. மலாய்க்காரர்களும் சளைத்தவர்கள் அல்லர். அவர்களுக்கு இந்தச் செடி டெடாலு, பெனாலு. அடுத்தவர் உழைப்பில் உட்கார்ந்து தின்பவனையும் பெனாலு என்றுதான் வைவார்கள். சமஸ்கிருதத்தில் விருட்சாதனி, மரந்தின்னி என்று பொருள். மேலைத் தாவரவியலார் நம் ஊர் இனத்துக்குச் சூட்டிய பெயர் டெண்ட்ராஃப்தே பென்டாண்ட்ரா. முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் மரத்தை உருக்கும் நோய் என்று அர்த்தம். உலகமே சேர்ந்து திட்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தார் மட்டும் குருவிச்சை என்கிறார்கள். குருவியின் பெயரை உள்ளே வைத்திருக்கும் அந்தச் சொல்தான் எனக்குப் பிடித்தது. இந்தச் செடியின் கதை குருவியில்தான் தொடங்குகிறது.

அந்தக் குருவியைக் காப்பாரில் எல்லோரும் கேட்டிருப்பார்கள், பார்த்தவர்கள் குறைவு. டிக், டிக் என்று கூழாங்கல்லைக் கல்லில் தட்டுவதுபோல் ஒரு சத்தம் மர உச்சியில் கேட்கும். கட்டைவிரல் பருமன், ஒன்பது சென்டிமீட்டர் நீளம், எடை ஏழெட்டு கிராம். ஆண் குருவிக்கு உச்சந்தலையிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பளீரென்ற சிவப்புப் பட்டை. தமிழில் பூங்கொத்தி எனலாம். மலாயில் பூரோங் செப்பா புத்திரி. செப்பா என்றால் மென்று துப்பிய வெற்றிலைச் சக்கை. இளவரசி துப்பிய தாம்பூலம் பறந்து போகிறதாம்! பறவை ஆர்வலர்கள் பெரிய தொலைநோக்கியோடு காப்பாருக்கு வருவதுண்டு. அனல் மின்நிலையத்தின் சாம்பல் குளங்களில் வந்து இறங்கும் வலசைக் கரைப்பறவைகளைப் பார்த்துவிட்டு, வழியில் இருக்கும் மாமரங்களைக் கவனிக்காமலே திரும்பிவிடுவார்கள்.

புல்லுருவியின் பழம் சிறியது, ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், பழுத்தால் செம்மஞ்சளாகும். பிதுக்கினால் உள்ளே பசை. விரலில் ஒட்டினால் லேசில் போகாது, உதறினால் நூலாக நீளும், நூலின் நுனியில் விதை ஊசலாடும். ஐரோப்பியப் புல்லுருவியின் ஒரே ஒரு பழத்திலிருந்து இரண்டு மீட்டர் நீளம் வரை இந்த நூலை இழுக்க முடியும் என்று 2022இல் ஓர் ஆய்வு சொன்னது. காயத்தை ஒட்டும் பசையாக அதைப் பயன்படுத்தலாமா என்றும் பார்க்கிறார்கள்.

பூங்கொத்திக்கு வேண்டியது சதை மட்டும். அதன் குடலில் விதை சில நிமிடங்களே தங்கும். வெளியே வரும்போதும் பசை போகாது. குருவியின் பின்புறத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும். எச்சம் கீழே விழாததால் குருவி என்ன செய்யும்? கிளையில் உட்கார்ந்து பின்புறத்தைத் தேய்க்கும். விதை பட்டையில் ஒட்டிக்கொள்ளும். தரையில் விழுந்தால் சாக வேண்டிய விதை, குருவியின் சங்கடத்தாலேயே சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிடுகிறது.

பிறகு நடப்பதற்கு மண்ணும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். விதைக்குள் இருக்கும் கரு அப்போதே பச்சை. தன் சோற்றைத் தானே கொஞ்சம் பொங்கிக்கொள்ளும். சில நாளில் முளை நீண்டு, வெளிச்சத்துக்கு முதுகு காட்டிப் பட்டையை நோக்கி வளையும். தொட்ட இடத்தில் நுனி தட்டையாகி வட்டமாக ஒட்டிக்கொள்ளும். அந்த வட்டத்தின் அடியிலிருந்து ஒரு முளை பட்டையைத் துளைத்து மரத்தின் நீர்க்குழாய் வரை போய்த் தன் குழாயை அதோடு பொருத்திக்கொள்ளும். மின்கம்பியிலும் இரும்புக் கேட்டிலும் ஒட்டிய விதைகள்கூட முளைப்பதுண்டு. துளைக்க ஏதும் கிடைக்காமல் காய்ந்துபோகும். உங்கள் வீட்டுக் கேட்டில் காய்ந்த பச்சைப் புள்ளி எதையாவது சுரண்டிப் போட்டிருக்கிறீர்களானால், அது இதுவாகவும் இருந்திருக்கலாம்.

பூவின் கதை இன்னும் விசேஷம். மொட்டு முதிர்ந்தாலும் தானாக விரியாது, ஆள் வரக் காத்திருக்கும். தேன்சிட்டோ பூங்கொத்தியோ வந்து அலகால் அழுத்தினால் பட்டென்று வெடித்து மகரந்தத்தைக் குருவியின் முகத்தில் அடிக்கும். இந்தக் கூட்டணியைக் கொங்கண் கரையில் உட்கார்ந்து கவனித்து 1931இல் விரிவாக எழுதியவர் சாலிம் அலி. பின்னாளில் இந்தியப் பறவையியலின் பெரியவர் என்று உலகம் கொண்டாடிய அவர் அப்போது பெயரில்லாத இளைஞர். அரை நூற்றாண்டு கழித்து நீலகிரியில் அதே விஷயத்தைத் தொடர்ந்தவர் பிரியா தாவிதார், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். சில புல்லுருவிகளில் முதிர்ந்த மொட்டும் பழுத்த பழமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதை 1983இல் எடுத்துக்காட்டினார். பழம் தேடி வரும் குருவி மொட்டையும் ஒரு பிடி பிடிக்கிறது, பூவுக்கு வேலை முடிகிறது. ஒரே குருவியை வைத்து மகரந்தச் சேர்க்கை, விதை பரப்பல் இரண்டையும் நடத்திக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியத்துக்காவது மேடைப் பேச்சாளர்கள் கொஞ்சம் மரியாதை காட்டலாம்.

சரி, இது திருடனா? பாதித் திருடன் என்பதே சரி. இலை பச்சையாக இருக்கிறதே, சர்க்கரையைப் பெரும்பாலும் வெயிலில் தானே சமைத்துக்கொள்கிறது. மரத்திடம் எடுப்பது தண்ணீரும் அதில் கரைந்த உப்புகளும். எடுக்கும் விதம்தான் கொஞ்சம் அடாவடி. வெயில் கடுமையானால் மரம் இலைத்துளைகளை மூடிச் சிக்கனம் பிடிக்கும். புல்லுருவி திறந்தே வைத்திருக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் வேகமாக ஆவியாகிறதோ அந்தப் பக்கம்தானே இழுபடும்? ஒன்றிரண்டு இருந்தால் மரம் தாங்கும். பத்துப் பதினைந்து ஏறினால் அவற்றுக்கு அப்பால் உள்ள கிளைநுனிகள் வற்றிக் காயும். நம் இனம் ஒருபடி மேலே போய், பட்டைமேல் கொடிபோல் வேர் ஓடவிட்டுக் கிளை நெடுக இடத்துக்கு இடம் துளை போடும். அதனால்தான் இலையை மட்டும் ஒடித்துப் போட்டவர்கள் ஆறு மாதத்தில் அதே இடத்தில் அதைவிடப் பெரிய புதரைப் பார்க்கிறார்கள்.

இந்தத் திருட்டுப் பரம்பரையில் ஒரு பெரிய மனிதரும் உண்டு. சந்தன மரம். சாமி நெற்றியில் இடுகிறோமே, அதே சந்தனம். மண்ணுக்கு அடியில் பக்கத்து மரங்களின் வேரைத் துளைத்து உறிஞ்சித்தான் அதுவும் வளர்கிறது. தாவரவியலில் புல்லுருவிகள் சந்தன வரிசையைச் சேர்ந்தவை. ஒன்றுக்குக் கோயிலில் இடம், இன்னொன்றுக்கு வசவு.

காப்பாரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள்தாம். வலம்புரோசா, ஜாலான் ஆக்கோப் என்று பெயர் சொன்னாலே பழையவர்களுக்குப் பெரட்டுக்களமும் லயமும் நினைவுக்கு வரும். ரப்பர் மரத்தில் புல்லுருவி நன்றாகவே ஏறும். சீனாவின் சிசுவாங்பன்னாவில் ரப்பர்க்காரர்களுக்குத் தலைவலி கொடுப்பது நம் மாமரத்தில் இருக்கும் இதே பென்டாண்ட்ராதான். கேரளத்து நிலம்பூர்த் தேக்குக் காடுகளுக்கு இதன் அண்ணன் முறையான ஃபால்கேட்டா. ஆனால் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பனை இனத்தில் புல்லுருவி சாதாரணமாகப் பிடிப்பதில்லை. மாவைப்போலப் பட்டைக்கு அடியில் ஆண்டுதோறும் புது மரம் வளர்க்கும் அடுக்கு பனைக்குக் கிடையாது. துளைத்துப் பொருந்தும் வித்தை அங்கே செல்லாது. ஆக, தோட்டத்து மக்கள் தாமான்களுக்குக் குடிவந்தபோது புல்லுருவியும் கூடவே வந்து வாசல் மாமரத்திலும் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்திலும் ஏறிக்கொண்டது என்பது என் கணிப்பு. குருவிக்கு முகவரி மாற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

இனி மருந்துக்கு வருவோம். பாட்டியின் கேள்விக்கும்.

தமிழ் மருத்துவத்தில் வெறும் புல்லுருவி என்று ஒரு சரக்கு இல்லை. மாம்புல்லுருவி, வேப்பம் புல்லுருவி, புளியம் புல்லுருவி என்று மரத்தோடு சேர்த்துத்தான் பேச்சு. புண்ணுக்கு, இரைப்புக்கு, மாதவிலக்குக் கோளாறுக்கு என்று பட்டையையும் இலையையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வசியத்துக்கு இதை எடுக்கும் மாந்திரீகக்காரர்கள் இன்னும் கறார். மரமும் சரியாக இருக்க வேண்டும், நட்சத்திரமும் சரியாக இருக்க வேண்டும், காப்புக் கட்டித்தான் எடுக்க வேண்டும். வசியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மரத்தைக் கேட்டுவிட்டு எடு என்ற விதியை மாந்திரீகம் என்று ஒதுக்க மனம் வரவில்லை, ஏனென்றால் உலகம் பூராவும் அதே விதி இருக்கிறது.

கிள்ளானில் எந்தச் சீன மருந்துக் கடையிலும் சாங் ஜி ஷெங் என்று கேட்டால், நறுக்கிக் காயவைத்த குச்சியும் இலையும் எடுத்துக் கொடுப்பார்கள். இடுப்பு வலி, மூட்டு வலிக்கும், கரு தங்காத பெண்களுக்கும் கொடுப்பது வழக்கம். பெயரின் பொருள், முசுக்கட்டை மரத்தில் ஒண்டியிருப்பது. சீனத்தின் மிகப் பழைய மூலிகை நூலான ஷென்நோங் பென்சாவோ ஜிங்கிலேயே அது முசுக்கட்டைமேல் இருப்பது என்றுதான் பதிவாகியிருக்கிறது. ஜாவாவில் புகழ்பெற்றது பெனாலு தே, தேயிலைச் செடியில் ஏறிய புல்லுருவி. புற்றுக்கு மருந்து என்று நாட்டு வைத்தியத்தில் பேர் வாங்கியது. ரோமானியர் பிளினி முதல் நூற்றாண்டில் எழுதியது, ட்ரூயிட் பூசாரிகள் ஓக் மரத்துப் புல்லுருவியைத்தான் தெய்வமாக நினைத்தார்கள், வளர்பிறை ஆறாம் நாளில் பொன் அரிவாளால் அறுத்தார்கள் என்று. நாளும் மரமும் பார்த்த அந்தப் பூசாரிகள் நம் மாந்திரீகருக்குச் சம்பந்தி முறை ஆக வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் 1917 வாக்கில் இடா வெக்மன் என்ற மருத்துவர், தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டெய்னர் சொன்னதைக் கேட்டு, ஐரோப்பியப் புல்லுருவிச் சாற்றைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். அந்த வழியில் வந்த ஊசி மருந்துகள் இன்றும் ஜெர்மனியில் சர்வசாதாரணம். குப்பியின் மேல் என்ன போட்டிருக்கும் தெரியுமா? ஆப்பிள் மரத்துப் புல்லுருவியா, பைன் மரத்ததா என்பதற்கான எழுத்து. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அத்தகைய ஆப்பிள் மரத்துச் சாறு ஒன்றை முற்றிய புற்றுநோயாளிகள் 21 பேருக்கு நரம்பில் ஏற்றிப் பார்த்து, முடிவை 2023இல் வெளியிட்டார்கள். எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று அறியச் செய்த முதல்கட்டச் சோதனை அது. நோயைக் குணமாக்குகிறதா என்பது அதன் முதன்மைக் கேள்வி இல்லை. அமெரிக்க மருந்து நிர்வாகம் புல்லுருவியைப் புற்றுநோய்க்கு மருந்தாக அங்கீகரிக்கவும் இல்லை. ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பியப் புல்லுருவி வேறு, நம்முடையது வேறு. குடும்பமே வேறு. ஐரோப்பியப் புல்லுருவி செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் இயந்திரத்தில் ஒரு பெரிய பாகத்தையே தொலைத்துவிட்டு உயிர் வாழும் விசித்திரம், மரபணுத் தொகுதியோ மனிதனுடையதைப்போல் முப்பது மடங்கு. அதைப் பற்றி வரும் ஆய்வைக் காட்டி இங்கே மாமரத்து இலையைப் பொடியாக்கி விற்றால், அது வியாபாரம், வைத்தியம் இல்லை.

நம் நாட்டிலும் ஆய்வு நடந்திருக்கிறது. இலையின் அடிப்புறம் துருப்பிடித்தாற்போல் இருக்கும் ஸ்கருலா ஃபெருஜினியா என்ற இனத்தை நாட்டு வைத்தியத்தில் இரத்தக் கொதிப்புக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் பயன்படுத்துவார்கள். பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகத்தார் அதன் சாற்றை எலியின் இரத்தக்குழாயில் சோதித்தார்கள். இறுகியிருந்த குழாய் தளர்ந்தது. 2010இல் வந்த ஆய்வு இது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெட்டி எடுத்த எலிக்குழாய்க்கும், தினமும் கொதிப்பு மாத்திரை போடும் உங்கள் மாமாவுக்கும் நடுவே நெடுந்தூரம். மாத்திரையும் கசாயமும் சேர்ந்து இரத்த அழுத்தத்தை ஒரேயடியாக இறக்கிவிட்டால் குளியலறையில் மயங்கி விழுவது எலி இல்லை.

மரத்தைப் பொறுத்துக் குணம் மாறும் என்பது வெறும் நம்பிக்கைதானா? இல்லை என்பதற்கு ஒரு சான்று 1961இல் ஆஸ்திரேலிய வேதியியல் ஆய்விதழில் வந்தது. பூன்சோங், ரைட் என்ற இருவர் அரளிச் செடியில் வளர்ந்த புல்லுருவியைப் பகுத்துப் பார்த்தார்கள். அரளிக்கே உரிய நஞ்சு, இதயத் துடிப்பைக் குலைக்கும் கிளைக்கோசைடுகள், புல்லுருவிக்குள் இருந்தன. புல்லுருவி அதைத் தானாகச் செய்துகொள்ளவில்லை, அரளியின் சாற்றோடு உறிஞ்சியிருந்தது. சீனத்திலும் இதே அனுபவம். கொரியாரியா என்ற நச்சுப் புதரில் ஏறிய புல்லுருவியில் அந்தப் புதரின் வலிப்பு வரவைக்கும் நஞ்சு இருக்கும். குழாயோடு குழாய் பொருத்திக்கொண்டவனுக்கு வீட்டுக்காரன் குடிப்பதுதான் கிடைக்கும்.

அதனால் புல்லுருவியின் மருந்துக்கு இரண்டு பங்கு. குவெர்செட்டின் வகைப் பொருள்கள் போலத் தானே தயாரிப்பது ஒன்று, அது எந்த மரத்திலும் ஓரளவு இருக்கும். மரத்திடமிருந்து இழுத்தது மற்றொன்று, அது மரத்துக்கு மரம் மாறும். பறித்துக் காயவைத்துப் பொட்டலம் கட்டிய பிறகு எது எங்கிருந்து வந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. மாமரத்து இலையும் அரளி மேலிருந்த இலையும் ஒரே சாம்பல் பச்சைதான். பாட்டி வேலிக்கு அப்பால் இருந்து கேட்டது இதைத்தான். ஆய்வுக்கூடம் சொல்லும் காரணம் அவருக்குத் தெரிந்திருக்காது. அவருக்கு முந்தியவர்களில் யாரோ தெரியாமல் குடித்துப் பட்டிருப்பார்கள், கேள்வி மட்டும் வழிவழியாக மிஞ்சியிருக்கிறது.

மரத்தில் இருப்பதை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: அதிகம் ஏறிவிட்டதென்றால் புதரை மட்டும் ஒடிக்காதீர்கள். கொடிவேர் ஓடியிருக்கும் இடத்துக்கும் ஓரடி உள்ளே தள்ளி, கிளையோடு வெட்டுங்கள். பழம் விடும் முன்பே செய்வது நல்லது. ஆனால் ஒன்றை விட்டுவையுங்கள். மஞ்சளும் சிவப்புமாகப் பறக்கும் ஜெசபெல் வண்ணத்துப்பூச்சியின் புழு தின்பது இந்த இலையைத்தான். ஆஸ்திரேலியாவில் டேவிட் வாட்சன் என்பவர் சில காட்டுத் திட்டுகளில் புல்லுருவியை முழுக்க அகற்றிவிட்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தார். அங்கிருந்த பறவை வகைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போயிருந்தன. முடிவு 2012இல் வெளியானது.

நான் ஒடித்த கொப்பை அன்று மாலையே குப்பையில் போட்டேன். மரத்தில் இருப்பது இருக்கிறது, டிக் டிக் சத்தமும் கேட்கிறது. யாராவது உங்களுக்குப் புல்லுருவிப் பொடியோ கசாயமோ நீட்டினால், எந்த மரத்தில் எடுத்தது என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள். கோயில் வாசலிலோ வீட்டு முன்னாலோ உள்ள அரளியில் ஏறியிருந்தால், அதை மருந்துக்கென்று யாரும் பறிக்கவிடாதீர்கள்.